ஏழாவது விரிசல்

“எனக்கு அந்தக் கை வேணும். ஆளு அப்புறம். முதல்ல கை.”

காண்ட்ராக்டர் இதைக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தபடி தன் வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் வளைத்துக் காட்டினார். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரைக்கும் வந்தார்.

எதிரே நின்ற கரணைக்குத் தன் விரல்களே வலித்தன. “சார், எங்களுக்கு ஆளைப் பிடிச்சுக் குடுக்கத்தான் தெரியும். பார்ட் பார்ட்டா டெலிவரி கிடையாது.”

வக்கீல் மேடம் திரும்பிப் பார்க்காமலேயே தொண்டையைச் செருமினார். வாயை மூடு என்று அர்த்தம்.

மேடம் கறுப்பு அங்கியைக் கழற்றித் துப்பறியும் ஆபீஸ் திறந்து ஆறு வருஷமாகிவிட்டது. ஊர் மட்டும் இன்னும் வக்கீல் மேடம் என்றேதான் கூப்பிடுகிறது. அவருடைய உதவியாளன் அதற்குமுன் எட்டு வருஷம் கொத்தனார். கரணையைக் கீழே வைத்துவிட்டு வந்தாலும் அது அவனை விடவில்லை. பேராக வந்து ஒட்டிக்கொண்டது.

“விஷயத்தைச் சொல்லுங்க” என்றார் மேடம், நின்றபடியே. வேலை கொடுப்பவர் வீட்டில் அவர் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் சோபா நம்மை விலைக்கு வாங்கிவிடும் என்பார்.

“பதினோரு நாள்ல ஆறு விரிசல். எல்லாம் என் வீட்டுச் சுவத்துல. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் சிவப்புப் பென்சில்ல அளவு எழுதியிருக்கு. நான் முப்பது வருஷமா கட்டடம் கட்டறவன். எவனோ பூச்சைக் கீறி வெச்சிருக்கான்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. விரிசலுக்கெல்லாம் நான் பயப்படல.”

“பின்னே எதுக்குப் பயப்படறீங்க?”

அவர் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தார். “அந்த எழுத்து எம் மச்சினன் எழுத்து மாதிரியே இருக்கு. என் பொண்டாட்டியோட தம்பி. எங்கிட்டதான் இன்ஜினியரா இருந்தான். அவன் செத்து மூணு வருஷமாச்சு.”



“போலீசுக்குப் போகலையா?” என்றார் மேடம்.

“போலீஸ் பிடிச்சா கோர்ட்டுக்குப் போவான். நீங்க பிடிச்சா எங்கிட்ட வருவான்.”

“வீட்ல யார் யார்?”

“நானும் அவளும்தான். ஒன்பது மணிக்கு வீட்டு வேலைக்கு ஒரு பொம்பளை வருவா. எம் பொண்டாட்டி வாயில்லாப் பூச்சி. தம்பி போனதுலேருந்து அதிகம் பேசறதே இல்ல. இப்ப சமைக்கறதும் விட்டுப்போச்சு போல. பத்து நாளா காலைல வெறும் ரொட்டியும் அவிச்ச முட்டையும்தான் போடறா. மனுஷன் கோழி மேல கடுப்பாகற அளவுக்கு ஆயிடுச்சு.”

மேடம் கரணையைப் பார்த்தார். “நீ விரிசலைப் பாரு. நான் ஆளுங்களைப் பாக்கறேன்.”

*

முதல் விரிசல் படுக்கையறையில் இருந்தது. கரணை டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் ஓடவிட்டான். பக்கத்தில் சிவப்புப் பென்சில்: ‘தூண் 4 – 2 மி.மீ.’

இரண்டாவது விரிசல் பீரோவுக்குப் பக்கத்தில். சுவரின் நடுவில் ஆரம்பித்து, நெளிந்து வந்து, பீரோ ஓரத்தில் மரியாதையாக நின்றுவிட்டது. கரணை பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்தான். பூச்சு வழுவழுவென்று இருந்தது.

“மேடம், ரொம்பப் பண்பான விரிசல். பீரோ இருக்கேன்னு தள்ளி நின்னுடுச்சு.”

“விளக்கமாச் சொல்லு.”

“நிஜ விரிசலுக்குப் பீரோ தெரியாது, ஃபோட்டோ தெரியாது. அது ஜன்னல் மூலைல, கதவு மூலைலதான் கிளம்பும். சுவர் எங்க பலவீனமோ அங்க. இது நடுச்சுவத்துல பொறந்து நடுச்சுவத்துலயே முடிஞ்சுடுது. எதுவும் பூச்சைத் தாண்டல. நாலரை மில்லின்னு எழுதியிருக்கற இடத்துல அட்டை வெச்சு அளந்தா ஒரு மில்லிகூட இல்ல. இன்னொண்ணு, ஆறுல ஒண்ணுகூட என் நெத்திக்கு மேல போகல. கீறின ஆளு என்னைவிடக் குள்ளம்.”

“உன்னைவிடக் குள்ளமா? தேடறது சுலபம்.”

“நன்றி மேடம்.” அவன் மறுபடி சுவரைப் பார்த்தான். “அதைவிட ஒண்ணு இருக்கு. ஆறுலயும் ‘தூண் 4’ன்னுதான் எழுதியிருக்கு. இந்தச் சுவருங்க எதுலயும் பில்லரே கிடையாது.”

மேடம் தலையாட்டினார். “அப்போ இந்த எழுத்து இந்த வீட்டைப் பத்தி இல்ல.”

ஆறையும் பார்த்து முடித்துவிட்டு ஹாலுக்குத் திரும்பினார்கள். கரணை போகிற போக்கில் நீளத் திரைச்சீலையை விலக்கினான். அப்படியே நின்றுவிட்டான்.

உத்தரம் சுவரில் வந்து உட்காரும் மூலையிலிருந்து ஒரு கோடு சாய்வாகக் கீழே இறங்கியிருந்தது. மேலே சுண்டுவிரல் நுழையும்போல அகலம், கீழே போகப்போக நூல். உள்ளே தூசியில்லை, சிலந்தி வலையில்லை, பழைய பெயின்ட் இல்லை. இப்போதுதான் பிட்ட ரொட்டி போல ஓரங்கள் சுத்தமாக இருந்தன. பக்கத்தில் பென்சில் எழுத்து எதுவும் இல்லை.

அவன் வெளியே ஓடிப்போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தான். அதே இடத்தில், அதே சாய்வில், அங்கேயும் இருந்தது. திரும்பி வந்து தரையைப் பார்த்தான். ஹாலின் நட்ட நடுவில் ஒரு சதுரம் மட்டும் புதுக்கல்.

“சார், இந்த இடத்துல என்ன இருந்துச்சு?”

“பில்லர்” என்றார் காண்ட்ராக்டர். “டி.வி.யை மறைச்சுது. நாலு மாசம் முன்னாடி எடுத்துட்டேன். இப்ப ஹால் எப்படி இருக்கு பாரு, கல்யாண மண்டபம் கணக்கா.”

“டி.வி.யை நகர்த்தியிருக்கலாமே சார்.”

காண்ட்ராக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

“மேல என்ன இருக்கு?”

“என் ஆபீஸ். போன மாசம்தான் மாத்தினேன். ஆறு இரும்பு அலமாரி, முப்பது வருஷத்து ஃபைலு. ஏன்?”

“அந்த ரூம் கதவு ஒழுங்கா சாத்துதா?”

“ஒரு வாரமா மக்கர் பண்ணுது. மழைக்கு மரம் ஊதியிருக்கும்.”

“மழை பெஞ்சு ரெண்டு மாசமாச்சு சார். மரம் ஊதல. நிலை கோணிக்கிட்டிருக்கு. இது கீறின விரிசல் இல்ல. வீடு இறங்குது.”

“ஏய், எனக்கே பாடமா? மயிரிழை விரிசல். ஆறைக் கீறினவன் ஏழாவதையும் கீறியிருப்பான். நீ எழுத்தைப் பாரு, போ.”

 கரணை பையிலிருந்து விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஒட்டினான். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும். கண்ணாடிக்கு முகஸ்துதி தெரியாது.

ஒட்டிய பிறகும் அவன் அதை இரண்டு முறை விரலால் அழுத்திப் பார்த்ததை மேடம் கவனித்தார். காரணமும் அவருக்குத் தெரியும். கொத்தனாராக இருந்த கடைசி வருஷத்தில், இதேபோல ஒரு கோட்டைக் காட்டி, “பூசிடு” என்றார் ஒரு மேஸ்திரி. கரணை பூசினான். அந்தக் கட்டடம் இன்றுவரை விழவில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை பஸ்ஸைச் சுற்றுவழியில் பிடித்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போவான்.

*

சமையலறையில் காண்ட்ராக்டரின் மனைவி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தடிக்கு ஒட்டிய உருவம். உரித்த முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. வேலைக்கார அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே மேடத்திடம் பேச்சுக் கொடுத்தாள்.

“என்ன கொடுமையோ போங்கம்மா. விடிஞ்சா ஒரு விரிசல். நான் ஒன்பது மணிக்கு வரும்போது அந்த ரூமெல்லாம் அம்மாவே பெருக்கி வெச்சிடறாங்க. எனக்கு வேலை மிச்சம்.”

“காலைல சத்தம் எதுவும் கேட்டதில்லையா?”

“நான் வர்ற நேரத்துக்கு மிக்ஸிச் சத்தம்தான் கேக்கும். வாசல்ல நின்னு பெல் அடிச்சாக்கூட இவங்களுக்குக் கேக்காது.”

கரணை வாயைத் திறந்தான். மேடம் அவன் காலை லேசாக மிதித்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அவன் வெடித்தான்.

“பத்து நாளா வெறும் ரொட்டி, முட்டை. அப்புறம் எதுக்கு மேடம் மிக்ஸி? முட்டையை அரைச்சா அவிக்கறாங்க?”

“சத்தத்தை மறைக்க இன்னொரு சத்தம்” என்றார் மேடம். “பெருக்கறதும் அவங்கதான். உயரமும் சரியா இருக்கு. அந்தக் கை கிடைச்சாச்சு.”

“அப்போ போய்ச் சொல்லிடலாமா?” கேட்கும்போதே காண்ட்ராக்டர் விரல்களை வளைத்துக் காட்டியது கரணையின் கண்முன் வந்தது. அந்த அம்மாவின் விரல்கள் முட்டை ஓட்டை எவ்வளவு பதமாக எடுத்தன!

“சொல்லலாம். ஆனா ‘யாரு’ன்னு கேட்டதுக்குத்தான் பதில் கிடைச்சிருக்கு. ‘ஏன்’ இன்னும் பாக்கி.”

மேடம் ஃபோனில் பழைய செய்தி ஒன்றைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினார். மூன்று வருஷம் முன்பு, நகரத்தின் விளிம்பில் மூன்று மாடித் தையல் கம்பெனி ஒன்று பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்த ஒன்பது தொழிலாளிகளும் கட்டடத்தின் இன்ஜினியரும் செத்துப்போனார்கள். கட்டிய காண்ட்ராக்டர் கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னார்: ‘என் மச்சினன் ஒருநாள்கூட விரிசலை அளந்து எழுதி வைத்ததில்லை. என்னை எச்சரித்ததும் இல்லை. தவறு முழுக்க அவனுடையது.’ செத்தவன் எழுந்துவந்தா மறுக்கப் போகிறான்? வழக்கு அதோடு முடிந்தது.

கரணை இரண்டு முறை படித்தான்.

“மேடம், அளந்து எழுதினதே இல்லைன்னா, சுவத்துல இருக்கற எழுத்தைப் பார்த்து இவர் ஏன் மிரள்றாரு?”

“வா, கேட்டுடலாம்.”

மேடம் காண்ட்ராக்டரிடம் போய் மிகச் சாதாரணமாகக் கேட்டார். “சார், சுவத்துல எழுதினது யாருன்னு நிச்சயமாச் சொல்லணும்னா, உங்க மச்சினனோட நிஜ எழுத்து ஒண்ணு வேணும். ஒப்பிட்டுப் பாக்கணும்.”

“அவன் எழுத்தா? இல்லையே. எல்லாம் அன்னிக்கே இடிபாட்டோட போச்சு.”

“அப்போ கஷ்டம். அந்தக் கை தப்பிச்சுடும்.” மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நாங்க கிளம்பறோம்.”

காண்ட்ராக்டரின் தாடை அசைந்தது. பதினோரு நாள் தூங்காத கண்கள் சுவரில் இருந்த சிவப்பு எழுத்தையும் மேடத்தையும் மாறிமாறிப் பார்த்தன. பயம் ஒரு பக்கம் இழுத்தது, பழிவெறி ஒரு பக்கம் இழுத்தது. கடைசியில் வெறிதான் ஜெயித்தது.

“இருங்க.”

மாடிப்படி ஏறினார். ஆபீஸ் கதவைத் தோளால் இடித்துத் திறக்கும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் ஒரு தாளோடு இறங்கினார். கட்டம் போட்ட தாள், சிவப்புப் பென்சிலில் தேதியும் அளவுகளும்.

“எங்கயோ கிடந்துச்சு. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடணும். நீங்க எங்கிட்ட வேலை பாக்கறவங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்.”

“பாத்துட்டுச் சொல்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு” என்றார் மேடம்.

தெருவில் நின்ற காரில் உட்கார்ந்ததும் கரணை தாளைப் புரட்டினான். இடது ஓரம் கிழிந்து, தையல் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. கீழே அச்சடித்த எண்: 41.

“நாப்பத்தொண்ணு தனியாப் பொறக்காது மேடம். அதுக்கு முன்னாடி நாப்பது அண்ணன் தம்பிங்க இருந்தாகணும்.”

“அந்த நாப்பதும் மேல அலமாரில இருக்கு.” மேடம் தாளின் இருபுறத்தையும் படமெடுத்து, தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். அப்புறம் ஜன்னல் வழியாக அந்த வீட்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு பொய்ச் சத்தியத்தை மூணு வருஷம் பூட்டி வெச்சிருந்த மனுஷன், ஒரு கையை முறிக்கற ஆசைல தானே திறந்து குடுத்துட்டான்.”

*

சரியாக நாலு மணிக்கு ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். வேலைக்கார அம்மா மதியமே போய்விட்டாள். காண்ட்ராக்டர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார், ஏதோ வேலைக்குத் தயாராவது போல.

“சொல்லுங்க. யாரு?”

“ரெண்டு பேர் சார்” என்றார் மேடம். “ஏழாவது விரிசலுக்குக் காரணம் நீங்க. சுவத்துல எழுதினவங்க இன்னொருத்தர். அது...”

“நான்தான்.”

காண்ட்ராக்டரின் மனைவி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு கோப்பைகூடச் சத்தம் போடவில்லை.

“நான்தான் எழுதினேன். அவனுக்கு எழுதக் கத்துக்குடுத்ததே நான்தான். தினம் சாயங்காலம் தம்பி எனக்கு ஃபோன் பண்ணுவான். ‘அக்கா, இன்னிக்கு ரெண்டு மில்லி. அக்கா, இன்னிக்கு மூணு. மச்சான்கிட்ட நோட்டைக் காட்டினேன், சிரிக்கறாரு.’ ஒவ்வொரு நம்பரும் எனக்கு மனப்பாடம். நோட்டே இல்லைன்னு கோர்ட்டுல இவர் சத்தியம் பண்ணினப்போ நான் ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தேன்.” அவள் புருஷனைப் பார்த்தாள். “நான் ஒவ்வொண்ணா எழுத எழுத, நீங்க ஒவ்வொரு தடவையும் மாடிக்கு ஓடினீங்க. அலமாரிப் பூட்டைத் திறந்து பாத்துட்டு இறங்கினீங்க. நோட்டை இன்னும் எரிக்கலைன்னு அப்பத்தான் எனக்கு நிச்சயமாச்சு.”

“ஏன் எரிக்கல?” மேடம் காண்ட்ராக்டரைக் கேட்டார்.

பதில் அவளிடமிருந்து வந்தது. “அதுல தையல் கம்பெனி முதலாளி கையெழுத்தும் இருக்குன்னு தம்பி சொல்லியிருக்கான். அந்த ஆளை வளைச்சு வெச்சுக்கத்தான் இத்தனை நாள் பத்திரமா வெச்சிருக்காரு.”

காண்ட்ராக்டர் எழுந்தார். எழுந்த வேகத்தில் தேநீர்த் தட்டு பறந்தது. “உப்புப் போட்டுச் சோறு போட்டேனேடி உனக்கு!” அவர் அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் பாய்ந்தபோது கரணை குறுக்கே விழுந்தான். ஓங்கிய கை அவன் காதோடு இறங்கியது.

காது ‘ங்ங்’ என்று ரீங்கரித்தது. அந்த ரீங்காரத்துக்கு நடுவிலும் அவனுக்கு வேறொரு சத்தம் கேட்டது. ரொம்பச் சின்னச் சத்தம்.

டிக்.

திரைச்சீலைக்குப் பின்னால் கண்ணாடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தரையில் விழுந்தது.

“எல்லாரும் வெளிய!” கரணை கத்தினான். “அஞ்சு மணி நேரத்துல உடைஞ்சிருக்கு. சுவர் அசையுது. வெளிய ஓடுங்க!”

“நாடகம் போடாத. மயிரிழை விரிசல்!” என்று உறுமிய காண்ட்ராக்டர் மேடத்தின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இன்ஸ்பெக்டருக்குப் படம் போய்விட்டதென்று மேடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலை விட்டுவிட்டு மாடிப்படியில் தாவிக்கொண்டிருந்தார்.

கதவு அறையப்படும் சத்தம். அதைத் தொடர்ந்து, யாரோ வயதானவர் நாற்காலியில் உட்காரும்போது முனகுவது போல, வீடே ஒருமுறை முனகியது. கூரைப் பூச்சு பலகையளவு பெயர்ந்து சோபாவில் விழுந்தது. மேலே கதவை உலுக்கும் சத்தம்.

“கதவு திறக்கல! ஏய், கதவு திறக்கல!”

கரணை பின்கட்டில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். கதவு நிலை கோணியிருந்தது. ஒரு மூலை கதவைக் கவ்விப் பிடித்திருக்க, எதிர்மூலையில் நாலு விரல் நுழைகிற இடைவெளி. அவன் கடப்பாரையை நுழைக்கப் போனபோது அதன்மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. மாடிக்கு அவள் ஏறிவந்ததை அவன் கவனித்திருக்கவில்லை.

“பொறுங்க தம்பி.”

அவள் கதவுப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். “நோட்டு மேல இடுக்கு வழியா வரட்டும். அப்புறம் கதவு திறக்கும்.”

“கொளுத்திடுவேன்! லைட்டர் இருக்கு எங்கிட்ட!”

“கொளுத்துங்க. பூட்டின ரூம், முப்பது வருஷத்துக் காகிதம். நல்லா குளிர் காயலாம்.”

உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. காலடியில் தரை ஒரு நெல்லளவு இறங்கியதைக் கரணையின் உள்ளங்கால் உணர்ந்தது. “அக்கா, நேரமில்ல” என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி வந்தது. உள்ளே இருப்பவர் மீது அவனுக்கு இரக்கமில்லை. ஆனாலும் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற கை அவனுடையதாக இருந்தது.

படியில் நின்ற மேடம் அவள் காதருகே குனிந்தார். “நோட்டு வரலேன்னாலும் கதவை உடைப்போம். விநாடி முள்ளு ஒரு சுத்து வர்ற வரைக்கும்தான் உங்களுக்கு நேரம்.”

“உடைக்காம விடுவேனா மேடம்?” அவளும் மெதுவாகத்தான் சொன்னாள். “அவர் சாகக் கூடாது. செத்தா தப்பிச்சுடுவாரு.”

பிறகு கதவில் உள்ளங்கையால் ஒரே ஒரு அறை அறைந்தாள். “அன்னிக்கு உள்ள இருந்த பத்து பேரும் இப்படித்தான் கத்தியிருப்பாங்க! நோட்டு!”

கீழே ஏதோ உடைந்து விழுந்தது. உள்ளே ஓர் அலமாரி தானாக நகர்ந்து சுவரில் மோதியது. காண்ட்ராக்டர் அலறினார். அடுத்த நொடி, கதவின் மேல் மூலையில் நீல அட்டை ஒன்று எட்டிப் பார்த்து, மாட்டிக்கொண்டு, மறுபடி தள்ளப்பட்டு, அவள் ஏந்திய கைகளில் வந்து விழுந்தது.

“இப்ப உடைங்க” என்றாள்.

கரணை உடைத்தான். எட்டு வருஷம் கட்டியதற்கெல்லாம் சேர்த்து வைத்து உடைத்தான்.

*

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் ஹாலுக்குள் இரும்புக் குழாய்களை நிமிர்த்தி உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு விழவில்லை. கோணலாக, நொண்டிக்கொண்டு நின்றது. காண்ட்ராக்டர் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தில் நின்றார்.

“இந்த நோட்டை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“இல்ல. எவளோ ஜோடிச்சிருக்கா.”

மேடம் நாற்பத்தொன்றாம் பக்கத்தை நோட்டின் கிழிந்த ஓரத்தில் பொருத்திக் காட்டினார். பல்லுக்குப் பல்லாக உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். சிவப்புப் பென்சில், பச்சை மை, மறுபடி சிவப்பு. அவர் படித்துவிட்டு நோட்டை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் பார்க்கவில்லை. “நீங்களே படிங்க சார். சத்தமா. இவர் காதுல விழணும்.”

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “‘தூண் 4. ஒன்பது மி.மீ. ஆட்களை உடனே வெளியேற்றவும்.’ அது இன்ஜினியர் எழுதினது. கீழ பச்சை மைல: ‘மயிரிழை விரிசல்தான். பூசிவிடு. வேலை நிற்கக் கூடாது.’ இது இவர் கையெழுத்து. கம்பெனி முதலாளி கையெழுத்தும் இருக்கு.”

பூசிவிடு. கரணை கையை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டான். கையில் ஒன்றுமில்லை.

“அதுக்கும் கீழ?” என்றாள் அவள்.

“‘மணி 3.50. யாரும் வெளியே வரவில்லை. நோட்டை வெளியே வைத்துவிட்டு நானே உள்ளே போய்க் கூப்பிடுகிறேன்.’ அவ்வளவுதான்மா. அதோட முடியுது.”

கூட்டத்தில் யாரோ “ஐயோ” என்றார்கள்.  மூன்று வருஷமாக அவள் தம்பி, அளக்காமல் ஆளைக் கொன்றவனாகத்தான் ஊர் வாயில் இருந்தான். அவள் முகத்தில் அழுகை வரும் என்று கரணை எதிர்பார்த்தான். வரவில்லை. புருஷன் எதிரே போய்க் குந்தி உட்கார்ந்து, அவர் கண்ணைத் தேடிப் பிடித்தாள்.

“நான் உங்களை விட்டுப் போகமாட்டேன்” என்றாள். “கேஸ் நடக்கற ஒவ்வொரு நாளும் வருவேன். இந்தத் தடவை முதல் வரிசைல உக்காருவேன். தனியாவும் வரமாட்டேன்.”

காண்ட்ராக்டர் அவளைப் பார்க்க முடியாமல் ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏறச் சொல்லும் முன்பே ஏறி உட்கார்ந்தார்.

அவள் எழுந்து கரணையிடம் வந்தாள். “ஃபோன் குடுங்க தம்பி. என்னோடது உள்ள மாட்டிக்கிச்சு.”

“யாருக்குக்கா?”

“ஒன்பது வீட்டுக்கு.”

எதையும் பார்க்காமல் எண்ணை அழுத்தினாள். ஒன்பது எண்களும் அவளுக்கு மனப்பாடம் போலிருந்தது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் தீயணைப்புக்காரர்கள் இன்னொரு குழாயை நிமிர்த்தினார்கள். யாரோ ஃபோனை எடுத்தார்கள்.

“ஹலோ” என்றாள். “நான் இன்ஜினியரோட அக்கா பேசறேன்.”